ஊரடங்கில் எந்தச் சாவு குறைந்தது, எந்தச் சாவு கூடியது?

நீங்கள் கேட்டது இது: "ஊரடங்கு போட்டதால் விபத்துகள் குறைந்து உயிர்கள் மிச்சமாயின என்கிறார்கள் சிலர். மாரடைப்பும் தற்கொலையும் பெருகி, கொரோனாவைவிட ஊரடங்குதான் அதிகம் பேரைக் கொன்றது என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது?" இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கொரோனா அல்லாத காரணங்களால் இறந்தவர்கள் கூடினார்களா, குறைந்தார்களா? அந்த மாற்றத்தில் ஊரடங்கின் பங்கு எவ்வளவு, மக்களின் பயத்துக்கு எவ்வளவு, தொற்றுக்கே எவ்வளவு? கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது லாபமா நஷ்டமா? முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குப் பாதிதான் முடியும். மூன்றாவதற்கு உலகம் முழுமைக்கும் பொருந்தும் ஒரே எண்ணை யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இறப்புச் சான்றுகளைப் படித்து, ஒவ்வொரு சாவுக்கும் அடிப்படைக் காரணம் எது என்று பார்த்துக் குறியீடு போடுவது என் வேலை. மருத்துவர் நிரப்பும் படிவத்தின் முதல் பகுதியில் வரிசையாகச் சில கோடுகள் இருக்கும். மேல் கோட்டில் உயிர் போனதற்கான உடனடிக் காரணம், அதன் கீழே அதை உண்டாக்கியது, கடைசிக் கோட்டில் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு போல உடன் சேர்ந்து கெடுத்தவை இரண்டாம் பகுதிக்குப் போகும். 2020-ல் கொரோனாவுக்கு யு07.1 என்று தனிக் குறியீடு வந்துவிட்டது. ஊரடங்குக்கு அப்படி எதுவும் கிடையாது. நெஞ்சுவலி வந்தும், ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்றிக்கொள்ளும் என்று பயந்து வீட்டிலேயே இருந்து இறந்தவரின் படிவத்தில் மாரடைப்பு என்றுதான் இருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு மாரடைப்பில் இறந்தவரின் படிவமும் அப்படியேதான் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

அதனால் தனித்தனிச் சாவுகளை விட்டுவிட்டு எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது: வழக்கமாக இத்தனை பேர் இறந்திருப்பார்கள், இந்த முறை இத்தனை பேர், மீதி கூடுதல். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலகம் முழுவதும் இப்படிக் கூடுதலாக இறந்தவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அதே காலத்தில் கொரோனா இறப்பு என்று நாடுகள் அறிவித்தது சுமார் 54 லட்சம்தான். "பார்த்தீர்களா, மீதி முழுக்க ஊரடங்கின் வேலை" என்று பாய்ந்துவிடக் கூடாது. அந்த மீதியில் பெரும்பங்கு பரிசோதனை செய்யப்படாமலும் பதிவாகாமலும் போன கொரோனா இறப்புகள் என்பதற்கு நிறையச் சான்று இருக்கிறது. கூடுதல் இறப்பு ஏறி இறங்கிய வாரங்களும் தொற்று அலை ஏறி இறங்கிய வாரங்களும் நாட்டுக்கு நாடு ஒத்துப்போகின்றன. இன்னொரு சிக்கல், வழக்கம் என்று எதை வைத்துக்கொள்கிறோம் என்பது. சுவீடனில் 2019-ல் 88,766 பேர் இறந்தார்கள், 2020-ல் 98,124 பேர். ஆனால் 2019 அங்கே வழக்கத்துக்கு மாறாக இறப்பு குறைந்த ஆண்டு. அதோடு மட்டும் ஒப்பிட்டால் ஒரு விடை, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியோடு ஒப்பிட்டால் வேறு விடை. இரண்டு தரப்பும் தங்களுக்கு வசதியான அடிப்படையை எடுத்துக்கொண்டு சண்டை போட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, உறுதியானதில் இருந்து தொடங்குகிறேன். மிகத் தெளிவாகக் குறைந்தது ஃப்ளூ முதலான மற்ற சுவாசத் தொற்றுகள். ஆஸ்திரேலியா, சிலி, தென்னாப்பிரிக்கா மூன்றிலும் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை, அதாவது அவர்களின் குளிர்காலத்தில், பரிசோதித்த 83,307 மாதிரிகளில் வெறும் 51-ல்தான் இன்ஃப்ளூயன்ஸா, அதாவது ஃப்ளூ வைரஸ், இருந்தது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அதே மாதங்களில் இந்த விகிதம் 13.7 சதவீதம். அமெரிக்காவில் 2020-21 ஃப்ளூ பருவத்தில் பதிவான குழந்தை இறப்பு ஒன்றே ஒன்று. வழக்கமான பருவத்தில் இது நூறைத் தாண்டும். இன்ஃப்ளூயன்ஸா பி வகையில் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கும் கண்டுபிடிக்கப்படவே இல்லை. நியூசிலாந்தில் 2019-ல் 34,260 பேர் இறந்தார்கள். மக்கள்தொகை கூடியும் 2020-ல் அது 32,613 ஆகக் குறைந்தது. தொற்றே அதிகம் பரவாத நாட்டில், கடுமையான ஊரடங்கு போட்ட ஆண்டில், மொத்தச் சாவே குறைந்திருக்கிறது.

ஆனால் இந்தக் குறைவில் ஒரு பகுதி தள்ளிப்போனது மட்டும்தான். நியூசிலாந்தில் 2021-ல் இறப்பு எண்ணிக்கை 34,932 ஆக மறுபடி ஏறியது. அந்தக் குளிர்காலத்தில் ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸ் குழந்தைகளிடையே பெரிய அளவில் பரவியது. ஒரு வருடம் அதைச் சந்திக்காமல் இருந்த குழந்தைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் சந்தித்தார்கள். முதியவர்கள் விஷயமும் அப்படித்தான். ஒரு குளிர்காலத்தில் நிமோனியாவில் இருந்து தப்பிய 88 வயதுக்காரருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகள் கிடைக்கின்றன, அவ்வளவுதான். அந்த ஆண்டுகளைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓராண்டுக் கணக்கில் "காப்பாற்றப்பட்ட உயிர்" என்று வருவது ஐந்தாண்டுக் கணக்கில் சுருங்கிவிடும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அடுத்து சாலை விபத்து. வண்டி ஓடாவிட்டால் சாவும் இருக்காது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படித்தான் நடந்தது: 2020-ல் சாலை இறப்பு 17 சதவீதம் குறைந்து சுமார் 18,800 ஆனது. இந்தியாவில் 1,51,113-ல் இருந்து 1,31,714 ஆகக் குறைந்து, 2021-ல் 1,53,972 என்று பழைய இடத்தையும் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் தலைகீழ். வண்டிகள் ஓடிய தூரம் சுமார் 11 சதவீதம் குறைந்தும், இறந்தவர்கள் ஏறக்குறைய 7 சதவீதம் கூடி 38,824 ஆனார்கள். காலியான சாலையில் வேகம் கூடியது. குடித்துவிட்டு ஓட்டுவதும் சீட் பெல்ட் போடாததும் கூடின. ஆக, "விபத்து குறைந்தது" என்பதுகூட எல்லா நாட்டுக்கும் பொதுவான உண்மை இல்லை.

கூடிய பக்கத்தில் முதலில் மாரடைப்பு. 2020 வசந்த காலத்தில் வடக்கு இத்தாலியின் 15 ஆஸ்பத்திரிகளுக்கு மாரடைப்பு சம்பந்தமாக வந்தவர்கள் நாளொன்றுக்கு 18 பேரில் இருந்து 13 பேராகக் குறைந்தார்கள் என்று ஓர் ஆய்வு காட்டியது. நோய் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட முடியாது. அதே வடக்கு இத்தாலியில் இருக்கும் லொம்பார்டி பகுதியில் ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றுபோன சம்பவங்கள் முந்தைய ஆண்டைவிட 58 சதவீதம் கூடியிருந்தன. பாரிஸ் பகுதியில் ஆறு வாரங்களில் அது இரண்டு மடங்கானது. அவற்றில் 90 சதவீதம் வீட்டிலேயே நடந்தவை. உயிரோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர முடிந்தவர்கள் 22.8 சதவீதத்தில் இருந்து 12.8 சதவீதமாகக் குறைந்தார்கள். இந்த உயர்வில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் கொரோனா உறுதியாகவோ சந்தேகமாகவோ இருந்தது. மீதியில் தாமதமும் பயமும் அழுத்தத்தில் திணறிய அவசர மருத்துவ சேவையும் கலந்திருக்கும். பரிசோதனை செய்யாத கொரோனாவும் அதில் ஒளிந்திருக்கும். அந்த மாதங்களில் வீட்டில் இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் சோதனை எடுக்கவில்லை. எந்தப் பங்கு எவ்வளவு என்று பிரித்துத்தரும் சான்று இல்லை.

காசநோய்க் கதையின் வேகமே வேறு. 2019-ல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட காசநோயாளிகள் 71 லட்சம். 2020-ல் 58 லட்சம். நோய் ஒரே ஆண்டில் அப்படிக் குறையாது. கண்டுபிடிக்கப்படாமல் போனவர்கள்தான் அந்த 13 லட்சம் பேர். ஊரடங்கு நாளில் இருமலோடு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக யார் துணிவார்கள்? மருந்து தொடங்காத நோயாளி உடனே இறந்துவிடுவதில்லை. பல மாதங்கள் இருமிக்கொண்டு, அடைத்த வீட்டுக்குள் கூட இருப்பவர்களுக்கும் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் போகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் அப்போதைய மதிப்பீட்டில் காசநோய் இறப்பு 2020-ல் 15 லட்சமாக ஏறியது. பத்தாண்டுகளுக்கும் மேலாக இறங்கிவந்த கோடு முதன்முறையாகத் திரும்பியது. குழந்தைத் தடுப்பூசியும் இதே வகை. 2021-ல் 2.5 கோடிக் குழந்தைகள் முத்தடுப்பு ஊசியில் ஒரு தவணையாவது தவறவிட்டார்கள். தட்டம்மை இறப்பு 2021-ஐவிட 2022-ல் 43 சதவீதம் கூடியதாக மதிப்பிடப்பட்டது. 2020-ஐ மட்டும் எடுத்து வைத்துக் கணக்குப் போட்டவர்கள் கண்ணில் இது படவே படாது.

மலேரியாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கொசுவலை விநியோகமும் மருந்தும் நின்றுவிட்டால் ஆப்பிரிக்காவில் மலேரியாச் சாவு இரட்டிப்பாகும் என்று 2020 தொடக்கத்தில் கணிப்புகள் எச்சரித்தன. அந்த அளவுக்கு நடக்கவில்லை. பல நாடுகள் ஓரிடத்தில் கூட்டம் சேர்க்காமல் வீடு வீடாகப் போய் வலை கொடுத்தன. ஆனாலும் 2020-ல் 69,000 இறப்புகள் கூடின என்றும், அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு சேவைத் தடங்கலால் என்றும் 2021-ல் வெளியான அறிக்கை மதிப்பிட்டது. இதில் இருந்து எனக்குக் கிடைத்த முடிவு: ஊரடங்கு என்ற உத்தரவைவிட, அந்த உத்தரவுக்குள் எந்தக் கதவு திறந்து இருந்தது என்பதுதான் இந்த வகைச் சாவுகளைத் தீர்மானித்தது.

பிரசவத்திலும் இதையே பார்க்கலாம். நேபாளத்தில் ஒன்பது ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வில், ஊரடங்கு காலத்தில் அங்கே நடந்த பிரசவங்கள் பாதியாகக் குறைந்தன. இறந்தே பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 14-ல் இருந்து 21 ஆகவும், பிறந்து ஆஸ்பத்திரியிலேயே இறந்த பச்சிளம் குழந்தைகள் ஆயிரத்துக்கு 13-ல் இருந்து 40 ஆகவும் கூடினர். பயங்கரமான எண்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிக்கல் இல்லாத பிரசவங்கள் வீட்டிலேயே நடந்து, சிக்கலானவை மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாலும் விகிதம் இப்படி ஏறும். வீட்டில் நடந்தவற்றுக்கு என்ன ஆயிற்று என்பது அந்தக் கணக்கில் கிடையாது. குறைப்பிரசவத்தில் எதிர்த்திசையில் ஒரு பரபரப்பு வந்தது. டென்மார்க்கில் மிக முன்கூட்டிப் பிறக்கும் குழந்தைகள் 90 சதவீதம் குறைந்துவிட்டார்கள் என்று முதலில் சொன்னார்கள். பல நாடுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, மொத்தக் குறைப்பிரசவத்தில் ஊரடங்கின் முதல் மூன்று மாதங்களில் 3, 4 சதவீதக் குறைவுதான் மிஞ்சியது. சிறிய எண்ணிக்கையில் இருந்து வரும் பெரிய சதவீதங்களை நான் எப்போதும் இப்படித்தான் ஓரமாக வைப்பேன். காற்று மாசு குறைந்ததால் இத்தனை ஆயிரம் உயிர் பிழைத்தன என்ற கணக்குகளையும் அதே ஓரத்தில் வையுங்கள். காற்று தெளிந்தது உண்மை. உயிர்க் கணக்கு முழுக்கக் கணித மாதிரிகளை வைத்துப் போட்ட கணிப்பு. யாரும் எண்ணிப் பார்த்தது கிடையாது.

தற்கொலை பற்றித்தான் அதிகம் பயமுறுத்தினார்கள். 2020-ன் முதல் மாதங்களை 21 நாடுகளில் ஆராய்ந்த பெரிய ஆய்வு, எதிர்பார்த்ததைவிடக் கூடியதாகப் பொதுவாகச் சான்று இல்லை என்றது. சில இடங்களில் குறைந்தும் இருந்தது. ஆனால் அவை வசதியான, நடுத்தரத்துக்கு மேற்பட்ட நாடுகள். ஏழை நாடு ஒன்றுகூட இல்லை. ஜப்பானைப் பாருங்கள். 2020 பிப்ரவரி முதல் ஜூன் வரை தற்கொலை 14 சதவீதம் குறைந்தது. ஜூலை முதல் அக்டோபர் வரை 16 சதவீதம் கூடியது. பெண்களிடம் உயர்வு 37 சதவீதம். ஜூனில் நிறுத்திப் பார்த்தவருக்கும் அக்டோபரில் பார்த்தவருக்கும் எதிரெதிர் தலைப்புச் செய்தி கிடைத்திருக்கும். இத்தனைக்கும் ஜப்பானில் மீறினால் தண்டனை என்ற ஊரடங்கே கிடையாது, வேண்டுகோள்தான். இந்தியாவில் பதிவான தற்கொலைகள் 2019-ல் 1,39,123, 2020-ல் 1,53,052, 2021-ல் 1,64,033. அமெரிக்காவில் 2020-ல் சற்றுக் குறைந்து 2021-ல் ஏறியது. வேலை போவது, கடன் ஏறுவது, தனிமை இவையெல்லாம் ஒரு மனிதரை உடைக்க நேரம் எடுக்கும். ஊரடங்கு முடிந்து பல மாதம் கழித்து வரும் சாவை ஊரடங்கின் கணக்கில் எழுதுவதா, பொருளாதாரச் சரிவின் கணக்கிலா என்பதற்கு எந்தப் புள்ளியியல் முறையும் சுத்தமான விடை தராது. பதிவும் தாமதமாகும். விசாரணை முடியும் வரை "காரணம் தெரியவில்லை" என்ற குறியீட்டில் கிடக்கும் கோப்புகள் பின்னால்தான் நகரும். அதனால் முதல் ஆறு மாத எண்களை வைத்து யார் எதைச் சொன்னாலும் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

குடியும் போதையும் அவ்வளவு குழப்பமில்லை, கூடின. பிரிட்டனில் நேரடியாகக் குடியால் நேர்ந்த இறப்பு 7,565-ல் இருந்து ஒரே ஆண்டில் 8,974 ஆனது. அமெரிக்காவில் போதை மருந்தின் அளவு மீறி இறந்தவர்கள் 70,630-ல் இருந்து 91,799 ஆனார்கள். இரண்டாவதில் ஃபென்டனில் என்ற மிக வீரியமான போதை மருந்தின் பரவல் முன்பே வேகமெடுத்திருந்ததால் முழுப் பழியையும் ஊரடங்கின் மேல் போட முடியாது. புற்றுநோய்க்கு இன்னும் நீண்ட காலம் வேண்டும். இங்கிலாந்தில் நோயறிதல் தாமதத்தால் ஐந்து ஆண்டுக்குள் மார்பகம், பெருங்குடல், உணவுக்குழாய், நுரையீரல் ஆகிய நான்கு புற்றுநோய்களில் 3,300 முதல் 3,600 வரை கூடுதல் இறப்பு நேரலாம் என்று 2020-லேயே கணித்தார்கள். அது கணிப்புதான்.

இனி, இவற்றில் எவ்வளவு ஊரடங்கு, எவ்வளவு பயம்? அமெரிக்காவில் கைபேசி இருப்பிடத் தரவை வைத்து இரண்டு பொருளியலாளர்கள் பார்த்தார்கள். கடைகளுக்குப் போகும் நடமாட்டம் 60 சதவீதப் புள்ளிகள் விழுந்தது. அதில் சட்டக் கட்டுப்பாட்டின் பங்கு 7 புள்ளிகள்தான். மக்கள் உத்தரவுக்கு முன்பே வீட்டுக்குள் போய்விட்டார்கள். 2014-15-ல் எபோலா பரவியபோது மேற்கு ஆப்பிரிக்க நாடுகளான கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றிலும் நீண்ட ஊரடங்கு இல்லை. சியரா லியோனில் சில நாட்கள் மட்டும் வீட்டடைப்பு நடந்தது. அப்படியும் சிகிச்சை கிடைக்காமல் மலேரியா, எச்ஐவி, காசநோய் மூன்றிலும் சுமார் 10,600 பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். எபோலாவே கொன்றது சுமார் 11,300 பேரை. ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இறந்தவர்களை எல்லாம் ஊரடங்கின் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. ஊரடங்கு இல்லாவிட்டாலும் ஒரு பகுதியினர் போயிருக்க மாட்டார்கள். தொற்று கட்டுமீறிப் போயிருந்தால் அங்கே படுக்கையும் கிடைத்திருக்காது.

"கொரோனாவைவிட ஊரடங்குதான் அதிகம் பேரைக் கொன்றது" என்பதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கட்டுப்பாடு போட்டும் தொற்று அதிகம் பரவாத நாடுகளில் 2020-ல் மொத்தச் சாவு என்ன ஆயிற்று? நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, நார்வே எதிலும் உயரவில்லை. ஊரடங்கே பெரிய அளவில் கொல்லுமென்றால் அங்கே தெரிந்திருக்க வேண்டும். வசதியான நாடுகளில், ஓராண்டுக்குள், அந்த வாதம் நிற்காது என்று தைரியமாகச் சொல்வேன். காசநோயும் வீட்டுப் பிரசவமும் தினக்கூலியும் நிறைந்த நாடுகளுக்கு இந்தத் தைரியத்தை நீட்ட மாட்டேன். அங்கே மருத்துவர் சான்றளித்த காரணத்தோடு பதிவாகும் இறப்பே குறைவு. இந்தியாவில் 2020-ல் அது 22.5 சதவீதம்தான். ஊரடங்கு எத்தனை கொரோனாச் சாவைத் தடுத்தது என்பதிலும் ஒரு முனையில் 11 ஐரோப்பிய நாடுகளில் 31 லட்சம் என்ற கணிப்பு, மறுமுனையில் இறப்பை 0.2 சதவீதம்தான் குறைத்தது என்ற, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு. இரண்டின் அனுமானங்களும் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. 2020 மார்ச்சிலேயே கடுமையாக அடைத்த தென் அமெரிக்க நாடான பெரு, உலகில் கூடுதல் இறப்பு விகிதம் மிக அதிகமான நாடுகளில் ஒன்றாகியது. ஆக்சிஜனும் படுக்கையும் இல்லாமல், அன்றாடம் வெளியே போனால்தான் சாப்பாடு என்ற நிலையில் உத்தரவு எவ்வளவு தூரம் தாங்கும்?

நீங்களே பார்க்க விரும்பினால், மனித இறப்புத் தரவுத்தளம் என்ற பொதுத் தொகுப்பில் பல நாடுகளின் வாராந்தர இறப்பு எண்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு நாட்டை எடுத்து, ஊரடங்கு தொடங்கிய வாரத்தையும் தொற்று அலை உச்சத்தைத் தொட்ட வாரத்தையும் கோட்டின் மேல் குறித்துக்கொள்ளுங்கள். 2020-ல் நிற்காமல் குறைந்தது 2022 முடியும் வரை பாருங்கள். வயதுவாரியாகப் பிரித்தும் பாருங்கள். 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் கோடு மொத்தக் கோட்டுக்குள் புதைந்து போகும், குடியும் போதையும் தற்கொலையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.